எட்டரை மணி மேட்சுக்கு ஐந்து மணிக்கே கடை எடுத்து வையுங்கள்

கால்பந்து உலகக் கோப்பை ஃபைனல் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் அடைக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டால் மட்டும் கடைப் பிள்ளைகளுக்கு மேட்ச் கிடைத்துவிடாது. கும்பகோணம் பெரிய தெருவில் ஷட்டர் இறங்கும் நேரம் வேறு. சேலைப் பிரிவில் காலையிலிருந்து நின்ற பெண் வலங்கைமானில் தன் வீட்டு டிவி முன்னால் உட்காரும் நேரம் வேறு. பேருந்து நிலையம் வரை நடை, டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பு, பயணம், இறங்கி வீட்டுக்கு நடை என்று நடுவில் ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் முன்னால் வருகிற வேறு வண்டியை விட்டுவிட்டு அந்த பஸ்ஸுக்குத்தான் நிற்பார்கள். கடைச் சம்பளத்தில் மாதம் முழுக்க மிச்சமாகும் பஸ் காசு சின்னத் தொகை இல்லை.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். எட்டரைக்கு மேட்ச் என்றால் ஏழேகாலுக்கு ஆட்கள் தெருவில் இறங்கியிருக்க வேண்டும். எடுத்து வைக்க முக்கால் மணி. அப்படியானால் ஆறரைக்குக் கடைசி வாடிக்கையாளர் பையை வாங்கிக்கொண்டு படி இறங்கியிருக்க வேண்டும். ஆறரைக்கு இறங்க வேண்டியவர் எத்தனை மணிக்கு ஏறினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் தவறிப் போவது இந்த இடத்தில்தான்.

எந்த மேட்சுக்குச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 2018 ஜூலை 15 மாஸ்கோ ஃபைனலும் 2022 டிசம்பர் 18 கத்தார் லுசைல் ஃபைனலும் நம் நேரத்துக்கு ஞாயிறு இரவு 8:30. கடைத்தெருவை நேராகத் தொடுவது இந்த நேரம்தான். 2014 ரியோ ஃபைனல் நள்ளிரவு 12:30-க்குத் தொடங்கியது. அதற்குக் கடை அடைப்பதில் அர்த்தமில்லை, மறுநாள் காலையைத்தான் யோசிக்க வேண்டும். 2026 போட்டி அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் என்பதால் இந்த இரண்டாவது வகை. மேட்ச் எவ்வளவு நேரம் ஓடும் என்பதிலும் ஏமாறக் கூடாது. 90 நிமிட ஆட்டம் இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தைத் தொட்டுவிடும். கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் மூன்று மணி நேரம். 2022-ல் அர்ஜென்டினாவும் பிரான்ஸும் 3-3 என்று நின்று பெனால்டியில் 4-2 என்று முடிந்தபோது நம் கடிகாரத்தில் பதினொன்றே காலைத் தாண்டிவிட்டது.

ஜவுளிக்கடையிலிருந்து தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் அதிகம்.

முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் இரண்டு பேராக வருவதில்லை. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, அத்தை, சித்தி என்று ஒரு வேன் நிறைய வருவார்கள். ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் இரண்டரை, மூன்று மணி நேரம். ஐம்பது புடவை விரிப்பது சாதாரணம். விரித்ததை மடிக்க இரண்டு பேர், ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஐம்பது நிமிடம் ஆயிற்று. இதை ஏழு மணிக்கு மேல் ஆரம்பித்தால் அவசரம் வரும். அவசரத்தில் பட்டுப் புடவை பழைய மடிப்பில் விழாமல் புது மடிப்பில் விழும். அந்த மடிப்பில் அடுக்கி மேலே நாற்பது புடவை ஏறினால், ஜரிகை அந்த இடத்தில் நசுங்கிக் கோடாக நிற்கும். பிறகு எவ்வளவு நீவினாலும் போகாது. அந்தப் புடவை தள்ளுபடி அடுக்குக்குத்தான் போகும். இன்னொன்று, விலைச் சீட்டு. மடிக்கும்போது கழன்று விழுகிற சீட்டை அந்த நிமிடமே பொருத்தாமல் மேஜை இழுப்பறையில் போட்டால், மறுநாள் எது எந்தப் புடவையுடையது என்று தேடுவதிலேயே காலை விற்பனை போகும்.

அதனால் மேட்ச் நாளில் மதியம் மூன்றரைக்கு மேல் புதிய முகூர்த்தக் கூட்டத்தை உட்கார வைக்கக் கூடாது. ஐந்து மணியிலிருந்து ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னாலும் ஒருவர் மடிக்க மட்டும் நிற்க வேண்டும். காட்டுகிறவர் மடிக்க வேண்டாம், மடிக்கிறவர் காட்ட வேண்டாம். ஒரே சமயத்தில் ஐந்து புடவைக்கு மேல் விரிந்து கிடக்கக் கூடாது. ஐந்தேகாலுக்கு நன்னிலத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றால் திருப்பி அனுப்ப மனம் வராது, அனுப்பவும் கூடாது. ஆனால் அவர்களுக்கு நின்று காட்ட வேண்டியது முதலாளி வீட்டாரும் மேனேஜரும். வியாபாரம் அவர்களுடையது, விட்டுக் கொடுக்க வேண்டிய நேரமும் அவர்களுடையதாக இருப்பதுதான் நியாயம். சீக்கிரம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு வேனைக் காட்டி எட்டு பேரை நிறுத்தி வைப்பதைவிட, முதலிலேயே ஒன்பது மணிவரை கடை உண்டு என்று சொல்லிவிடுவது மேல்.

வாசல் போர்டில் எழுதுவதிலும் கவனம் வேண்டும். "இன்று 6:30-க்குக் கடை அடைக்கப்படும்" என்று எழுதினால் ஆறேகாலுக்குக் கூட்டம் வந்து நிற்கும். "மாலை 5:45-க்கு மேல் புது விற்பனை இல்லை" என்று உள்ளே வரும் நேரத்தை எழுதுங்கள். வெள்ளிக்கிழமையே வாசலில் வைத்துவிடுங்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் கொடுக்கிற பில்லின் பின்புறத்தில் ரப்பர் ஸ்டாம்பு அடித்தால் நல்லது. கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு வாசல் போர்டைவிட வீட்டுக்குப் போகிற பில்தான் சேதி சொல்லும். தெருவில் ஒரு கடை மட்டும் அடைத்தால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போகும், அடுத்த முறை அந்த முதலாளி அடைக்க மாட்டார். ஆகவே வணிகர் சங்கத்தில் ஒரு வாரம் முன்பே பேசி, தெரு முழுக்க ஒரே நேரம் என்று முடிவெடுக்க வேண்டும். மே 5 வணிகர் தினத்துக்கு ஒன்றாக அடைக்கத் தெரிந்த தெருவுக்கு இது புதிதல்ல.

நகைக்கடையில் நேரத்தைத் தின்பது எண்ணிக்கை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு தட்டாக எடுத்து, உருப்படி எண்ணி, டேக் சரிபார்த்து, எடை போட்டு, காலை எடையிலிருந்து அன்றைய விற்பனையைக் கழித்துச் சரியாக நின்றால்தான் தட்டு பெட்டகத்துக்குப் போகும். ஒரு தட்டில் ஒரு மூக்குத்தி குறைந்தாலும் யாரும் வெளியேற முடியாது. பெரும்பாலும் அது காணாமல் போயிருக்காது. பாலீஷுக்குப் போயிருக்கும், அளவு குறைக்க ஆசாரியிடம் போயிருக்கும், முன்பணம் கொடுத்த வாடிக்கையாளர் பெயரில் தனிக் கவரில் இருக்கும். எழுதாமல் போனதுதான் கோளாறு. ஆகவே மேட்ச் நாளில் மதியம் மூன்று மணிக்கே வெளியே போயிருக்கும் உருப்படிகளின் சீட்டை எழுதி முடித்துக் கல்லாவில் ஒட்டிவிட வேண்டும். விற்பனை மெதுவாக இருக்கும் தட்டுகளை ஐந்து மணிக்கே எண்ணிப் பெட்டகத்தில் வைத்துவிடலாம். கடைசியில் வெளியே நிற்பது நாணயமும் கம்மலும் மோதிரமும் மட்டுமாக இருக்கட்டும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள் என்றால், இருவரும் அன்றைக்குக் கடைசிவரை இருப்பார்களா என்று காலையிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

கல்லாவில் மூன்று விஷயம். முதலாவது, பில் போடும் மென்பொருளில் நாள் முடிப்பு. அதை ஓட்டிவிட்டு, கடைசி நிமிடத்தில் ஒருவருக்கு பில் போட்டால் அது மறுநாள் தேதியில் ஏறும், ரொக்கம் இன்றைக்கு இருக்கும், இரண்டு நாள் கணக்கும் ஒட்டாது. இரண்டாவது, கார்டு மெஷின். சில மெஷின்களில் இரவு செட்டில்மென்ட் கையால் கொடுக்க வேண்டும். மறந்தால் பணம் கணக்குக்கு வரத் தாமதமாகும். யு.பி.ஐ. வரவை ஸ்பீக்கர் சொன்னதை நம்பாமல் ஆப்பில் இருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது, ரொக்கம். எட்டரை மணி ஃபைனல் இரண்டும் ஞாயிறு, வங்கி கிடையாது. 2018 ஃபைனலுக்கு முந்தைய நாள் இரண்டாம் சனிக்கிழமையாகவும் அமைந்தது, ஆக இரண்டு நாள் வசூல் கடையிலேயே. இன்சூரன்ஸ் பாலிசியில் இரவு பெட்டகத்தில் இருக்கும் ரொக்கத்துக்கு ஒரு வரம்பு எழுதியிருப்பார்கள். அதைத் தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டினால் மாலைக்குள் பணம் போடும் மெஷினில் போட்டுவிடுவது நல்லது. மறுநாள் காலைக்கு வேண்டிய சில்லறையைத் தனிப் பையில் கட்டி வையுங்கள்.

விளக்கு. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் கடையைச் சாத்த டெல்டாவில் எந்த முதலாளிக்கும் மனம் ஒப்பாது. ஆறு மணிக்குப் பிள்ளையார் மாடத்தில் விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, ஏழு மணிக்குச் சாத்துவதில் தப்பில்லை. வழக்கமாக மூன்று மணி நேரம் எரியும் அளவுக்கு எண்ணெய் ஊற்றுவார்கள். அன்றைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும், தானே மலையேறிவிடும். முழு எண்ணெய் ஊற்றிவிட்டு, எரிகிற விளக்கோடு ஷட்டரை இறக்கிப் போவதுதான் ஆபத்து. மேலே காய்ந்த மாலை, பக்கத்தில் நூல் துணி, உள்ளே ஆள் இல்லை. சாம்பிராணித் தட்டில் இருக்கும் நெருப்பையும் தண்ணீர் தெளித்து அணைத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மெயினை அணைக்கும்போது சிசிடிவி, ரவுட்டர், ஃப்ரிட்ஜ் இருக்கும் லைன் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சுவிட்சில் எல்லாம் போனால் கேமராவும் போகும். டிசம்பர் என்றால் மழை உண்டு. ஷட்டருக்கு அடியில் சாக்கு சுருட்டி வைத்துவிட்டு, தரையில் இருக்கும் கட்டுகளை ஒரு பலகை உயரமாவது தூக்கி வையுங்கள். இரவுக் காவல்காரரிடம் இத்தனை மணிக்கு அடைக்கிறோம் என்று முன்பே சொல்லவில்லை என்றால், அவர் வழக்கமான நேரத்துக்கு வருகிறவரை தெரு சும்மா கிடக்கும்.

மளிகையில் சிரமம் குறைவு. சிட்டை வாங்குவதை நாலு மணிக்கு நிறுத்திவிட்டால் ஆறரைக்குள் கட்டி அனுப்பி முடிக்கலாம். பருப்பு, அரிசி மூட்டை வாய்களை மூடிக் கட்ட மறக்கக் கூடாது, எலிக்கு அன்றைக்கு இரண்டு மணி நேரம் கூடுதல். பூக்கடையும் வெற்றிலைக் கடையும் அடைக்க முடியாது. மாலை மல்லி இரவுக்குள் போக வேண்டும், வெற்றிலைக் கவுளி ஈரச் சாக்கில் ஒரு இரவு தாங்கினாலும் மல்லி தாங்காது. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு டிவி இருந்தால் போதும்.

மருந்துக்கடை எல்லாம் ஒரே நேரத்தில் அடைப்பது கூடவே கூடாது. தெருவில் ஐந்து இருந்தால் நான்கு அடைக்கலாம், ஒன்று இரவு பத்துவரை திறந்திருக்க வேண்டும். அந்தக் கடையின் பெயரையும் போன் நம்பரையும் மற்ற நான்கின் ஷட்டரிலும் ஒட்ட வேண்டும். ஆள் ஒருவர் இருந்தால் போதாது, பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும். இன்சுலின் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் அடைத்த கடையிலும் ஓட வேண்டும்.

ஓட்டலுக்கு வருவோம். சப்ளையரும் மாஸ்டரும் மேட்ச் பார்க்க எட்டு மணிக்குப் போனால் இரவு வியாபாரம் போகும், அது தெரிந்த நஷ்டம். தெரியாத நஷ்டம் மறுநாள் காலை இட்லியில் வரும். காலை ஐந்து மணி ஈட்டுக்கு மாவு பொங்கியிருக்க வேண்டும். ஜூன், ஜூலை வெக்கையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கும். டிசம்பரில், மார்கழிக் குளிரில், ஒன்பது பத்து மணி நேரம் கேட்கும். லுசைல் ஃபைனல் மார்கழி பிறந்து இரண்டு நாளில் வந்தது. அப்படியொரு இரவில் மேட்ச் முடிந்து வந்து பதினொன்றரைக்குக் கிரைண்டரைப் போட்டால் காலையில் இட்லி கல்லாகத்தான் வரும். ஆகவே மாவு ஏழு மணிக்குள் அரைந்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, அண்டாவில் மூடி அடுப்படிக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும். ஏழுக்கு முடிக்க வேண்டுமானால் நாலரைக்குக் கிரைண்டர் ஓட வேண்டும். அதற்குப் புழுங்கலரிசியைப் பன்னிரண்டு மணிக்கு ஊறப் போட வேண்டும், உளுந்தை மூன்று மணிக்கு. அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்ற அளவை அவசரத்துக்காக மாற்றக் கூடாது. தாமதமாகிவிட்டது என்றால் முந்தைய நாள் புளித்த மாவில் ஒரு கரண்டி சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வைத்தால் ஓரளவு எழும், ஆனால் புளிப்பு முன்னால் நிற்கும். அதைத் தோசைக்கு வைத்துக்கொண்டு, காலையில் பொங்கலையும் பூரியையும் முன்னால் விடுவது புத்திசாலித்தனம்.

பரோட்டாக் கடைக்கு நேர்மாறு. மேட்ச் முடிந்ததும் பசியோடு கூட்டம் வரும், ஆனால் எத்தனை மணிக்கு என்று தெரியாது. பத்தரையா, பதினொன்றரையா என்பதை ஆட்டம்தான் முடிவு செய்யும். மாவைப் பிசைந்து உருண்டை பிடித்து எண்ணெயில் ஊற வைப்பதுவரை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, வீசி அடிப்பதை மட்டும் விசில் ஊதிய பிறகு வைத்துக்கொள்ளலாம். உருண்டைகளின் மேல் ஈரத்துணி காயாமல் பார்க்க ஒருவர் வேண்டும். காய்ந்தால் மேலே தோல் கட்டும், வீசும்போது கிழியும்.

வீட்டுக்குப் போக முடியாத தூரத்து ஆட்களுக்குக் கடையிலேயே டிவி வைக்கிறவர்கள் உண்டு, நல்ல வழக்கம். கடை மாடியில் தங்கும் பையன்களுக்கு அது ஒன்றுதான் வழி. 12 வோல்ட் 150 ஏ.ஹெச். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு எல்.இ.டி. டிவியும் இரண்டு மின்விசிறியும் கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் தாங்கும், பெனால்டிவரை போதும். டிஷ்ஷில் பார்ப்பதும் போனில் பார்ப்பதும் ஒரே நேரத்தில் ஓடாது. போன் அரை நிமிடம்வரை பின்தங்கும். எதிர்க் கடையில் கத்தல் கேட்டுவிட்டு இங்கே கோல் விழுவதைப் பார்ப்பதில் ருசி இல்லை. கீழே, மேலே, பக்கத்தில் எல்லோரும் ஒரே வகை இணைப்பில் பார்த்தால் நல்லது.

தெருவில் திரை கட்டுவதானால் காவல் நிலையத்தில் முன்பே அனுமதி வேண்டும். டிக்கெட் போட்டோ விளம்பரதாரர் பெயரிலோ காட்டுவதானால் ஒளிபரப்பு உரிமையும் தனியாக வாங்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. எட்டரைக்குத் தொடங்கிய ஆட்டத்தில் பத்து மணி என்பது ஏறக்குறைய 65, 70-வது நிமிடம். 2022 ஃபைனலில் 80-வது நிமிடம்வரை 2-0 என்று இருந்தது. பிரான்ஸின் எம்பாப்பே அடுத்தடுத்த இரண்டு நிமிடங்களில் இரண்டு கோல் போட்டதெல்லாம் பத்து மணிக்குப் பிறகுதான். ஒலிபெருக்கி இல்லாமலேயே கடைசிப் பாதியைப் பார்க்கத் தயாராக, திரையைச் சின்னதாகவும் நாற்காலிகளை நெருக்கமாகவும் போடுங்கள். அதிராம்பட்டினம், நாகூர், காரைக்கால் பக்கம் இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அங்கே ஊர் மைதானத்தில் பந்து உருளும் நாளிலேயே கடைகளின் மாலை வேலை மைதானத்துக்கு ஏற்ப நகரும்.

சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. மிகைநேரம் சேர்த்தாலும் நாளைக்குப் பத்து, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. அந்த மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். காலை ஒன்பதரைக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்கு அடைக்கிற கடையில் நிற்கிறவர்களுக்கு ஒரு மாலை இரண்டு மணி நேரம் முன்னால் விடுவதை, அடுத்த ஞாயிறு இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்க வைத்து ஈடுகட்ட நினைப்பது தவறு. மேட்ச் பிடிக்காத பெண்களும் அதே நேரத்துக்கு வீட்டுக்குப் போக வேண்டும். பார்க்காதவர்கள் இருந்து மடித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லக் கூடாது. திறந்திருக்கும் மருந்துக்கடையில் நின்றவருக்கு அந்த வாரத்திலேயே, அவர் கேட்கிற நாளில், ஒரு மாலை கொடுத்துவிட வேண்டும்.

நள்ளிரவு மேட்சுகளின் கணக்கு வேறு. 2026 போட்டியின் முதல் ஆட்டம் நம் நேரத்தில் ஜூன் 12 அதிகாலை 12:30. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதியும் அதுவே. தண்ணீர் வரும் ஆண்டென்றால் குறுவைக்கு நாற்றங்கால் விடுகிற நேரம். அரையிறுதிகள் ஜூலை 15, 16 அதிகாலை, ஃபைனல் ஜூலை 20 திங்கள் அதிகாலை, மூன்றும் 12:30-க்கே. ஃபைனல் சாதாரணமாக முடிந்தால் இரண்டரை மணி, இழுத்தால் மூன்றரை. ஆடி பிறந்து நாலாம் நாள், ஜவுளிக்கடையில் தள்ளுபடி விற்பனை ஓடும் வாரம். திங்கள் காலையில் ஜவுளிக்கடையைப் பதினொரு மணிக்குத் திறந்தால் பெரிதாக எதுவும் குறையாது, ஆடிக் கூட்டம் மதியத்துக்கு மேல்தான் ஏறும். ஞாயிறு இரவு வழக்கமான நேரத்துக்கு அடைத்துவிட்டு, காலையில் தூங்க விடுங்கள். பைக்கில் வரும் பையன்களுக்கு இது மிக முக்கியம். இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு பாபநாசம் சாலையில் காலை நேர லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் நடுவே வரச் சொல்லக் கூடாது.

உரக்கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. குறுவைக்கு யூரியா வாங்க ஏழு மணிக்கே சைக்கிளில் வந்து நிற்பார்கள். மானிய உரத்தை பி.ஓ.எஸ். மெஷினில்தான் பில் போட முடியும், அதைத் திறக்க ஏற்கெனவே பதிவான கடைக்காரரின் கைரேகை வேண்டும். அந்த ஒருவர் மேட்ச் பார்த்துவிட்டுத் தூங்கினால், கடைத் திண்ணையில் மூட்டை அடுக்கியிருந்தாலும் ஒரு பை விற்க முடியாது. ஆகவே இன்னொருவரையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்து, அன்றைக்கு அவர் திறக்கட்டும். பதிவு வேலை கடைசி நாளில் முடிகிற காரியமில்லை. சீசன் தொடங்கும் முன்பே வேளாண் துறையில் கேட்டு முடித்துவிடுங்கள். மற்ற கடைகளிலும் திங்கள் காலை சாவி யாரிடம் என்பதை ஞாயிறு இரவு ஷட்டரைப் பூட்டும்போதே பேசி முடித்து, கொத்துச் சாவியை மேட்ச் பார்க்காதவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.